விளக்கு எத்தனை எரிகிறது என்று பார்த்து டிஜே கன்ட்ரோலர் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இளைஞர் இணைப்பில், புதிதாக டிஜே பழக நினைப்பவர்கள் வாங்கக்கூடிய கன்ட்ரோலர்கள், அதாவது லேப்டாப்போடு இணைத்துப் பாட்டைக் கலக்கிப் போடும் பெட்டிகள், என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தப் பட்டியலில் விலை இருந்தது, பேடு (விரலால் தட்டும் பட்டன்) எத்தனை, எஃபெக்ட் (ஒலியை மாற்றிக் காட்டும் வசதி) எத்தனை, விளக்கு எப்படி எரியும் என்பதெல்லாம் இருந்தது, வாங்குகிறவர் கடைக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி மட்டும் இல்லை. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்க முடியுமா? இதற்கு முடியும் என்று பதில் வராத பெட்டியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். டிஜே எனக்குத் தொழில் இல்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷம், அலுவலக ஆண்டு விழா, தெருவில் பொங்கல் விளையாட்டுப் போட்டி, இப்படி வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பாட்டுப் போடுவேன், காசு வாங்குவதில்லை. பாட்டுப் போடுவது எங்கள் வீட்டில் புதிதும் இல்லை. அப்பா மைக்செட் வைத்திருந்தார். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரே ஒரு ரெக்கார்டு பிளேயர். ஒரு பாட்டு முடிந்து, இசைத்தட்டை எடுத்து உறையில் போட்டு, அடுத்ததை வைத்து, ஊசியைக் கையால் தூக்கி ஓரத்தில் இறக்கும் வரை பந்தலே சத்தமில்லாமல் இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் அவர் மைக்கில் பந்தி தயார், மாப்பிள்ளை வீட்டார் வரவும் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். அதே காலத்தில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் என்கிற ஜமைக்காக்காரர் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயரில் வைத்து, தாளம் மட்டும் வருகிற துண்டை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று மாற்றி நீட்டிக்கொண்டே போனார். 1973 ஆகஸ்ட் 11 அன்று அவருடைய தங்கை நடத்திய விருந்தைத்தான் ஹிப் ஹாப் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். இரண்டு பிளேயர், நடுவில் இரண்டின் ஒலியையும் கலக்க ஒரு மிக்சர், காதில் ஒரு ஹெட்போன். டிஜே வேலைக்கு அடிப்படை இவ்வளவுதான், இன்று நாம் வாங்கும் கன்ட்ரோலர் இந்த மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது. அதில் மூன்றாவதை விட்டுவிட்டுச் செய்த பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன, பார்ப்பதற்கு வித்தியாசமே தெரியாது.

நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்று. பாட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிற வட்டத் தட்டு, அதாவது ஜாக் வீல், அதைச் சுற்றினால் நீலமும் சிவப்புமாக விளக்கு ஓடும், பக்கத்துக்கு எட்டு பேடு, பார்த்ததுமே கை பரபரத்தது. ஹெட்போன் எங்கே மாட்டுவது என்று கேட்டேன், லேப்டாப்பிலேயே மாட்டிக்கலாம் மேடம் என்றார் கடைப் பையன். லேப்டாப்பில் இருப்பது ஒரே ஒரு துளை. அதில் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற ஒயரைச் செருகிவிட்டால் ஹெட்போனுக்கு இடமில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சித்தி மகள் வளைகாப்புக்கு அதைத்தான் எடுத்துப் போனேன். பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடியப் போகிறது, அடுத்ததைத் திரையில் பெயர் பார்த்து எடுத்தேன். கோப்பின் பெயர் தாலாட்டு. உள்ளே இருந்தது அதே மெட்டின் சோக வடிவம். ஷெனாயும் விசும்பலுமாக நாலு நொடி, ஐந்து நொடி, நான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்குவதற்குள் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. வளையலைப் பிடித்திருந்த பெரியம்மாவின் கை அப்படியே நின்றது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளைத்தாய்ச்சியின் முகம் சட்டென்று வாடியதை நான் பார்த்தேன், அது இன்றைக்கும் என் மனதை விட்டுப் போகவில்லை. அந்தப் பாட்டை இரண்டே நொடி முன்னால் காதில் கேட்டிருந்தால் அப்படி நடந்திருக்காது.

ஏன் கேட்க முடியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலர் தானாகப் பாடுவதில்லை. பாட்டு ஓடுவது லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளில். நாம் வீலைச் சுற்றினோம், ஃபேடரை ஏற்றினோம் என்பதை யூஎஸ்பி வழியாக அந்த மென்பொருளுக்குச் சொல்வது பெட்டியின் முதல் வேலை. இரண்டாவது வேலை, ஒலியை வெளியே கொண்டுவருவது. இதற்குப் பெட்டிக்குள் ஒரு சவுண்ட் கார்டு வேண்டும், அதுவும் ஸ்பீக்கருக்கு இடது வலது ஒரு ஜோடி, ஹெட்போனுக்கு இடது வலது இன்னொரு ஜோடி என்று நாலு சேனலை வெளியே விடுகிற கார்டு. அது இருந்தால்தான் ஸ்பீக்கரில் ஒரு பாட்டும் காதில் வேறு பாட்டும் ஓடும். கடையில் இதைக் கண்டுபிடிக்கத் தொழில்நுட்பம் ஒன்றும் தெரிய வேண்டாம். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், மாஸ்டர் என்று எழுதி சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளையோ வேறு துளையோ இருக்கிறதா, ஹெட்போன் படம் போட்டுத் தனியாக ஒரு துளை அந்தப் பெட்டியிலேயே இருக்கிறதா, மேலே ஒவ்வொரு பாட்டு வரிசைக்கும் (இதையும் சேனல் என்றுதான் சொல்வார்கள்) அதை மட்டும் ஹெட்போனில் கேட்க கியூ பட்டன் இருக்கிறதா, அவ்வளவுதான். சில மாடல்களைத் தெரிந்தேதான் சவுண்ட் கார்டு இல்லாமல் செய்கிறார்கள். பயனியர் டிஜே கம்பெனி 2019-இல் கொண்டுவந்த டிடிஜே-200 அந்த வகை. ஃபோனோடு சேர்த்துப் பழகுவதற்கென்று செய்தது, கூடவே வரும் ஸ்பிளிட்டர் கேபிளைப் போட்டு ஒரு சேனலை ஸ்பீக்கருக்கும் இன்னொரு சேனலை ஹெட்போனுக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். வேலை நடக்கும், ஆனால் ஸ்பீக்கரில் வருவது இடது வலது பிரிவில்லாத மோனோ. தெரிந்து வாங்குகிறவருக்கு அது நஷ்டமில்லை, தெரியாமல் வாங்கினால்தான் கஷ்டம்.

அடுத்து, உங்கள் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்த சிங்க் பட்டன். அதைத் தட்டினால் இரண்டு பாட்டும் தானாக ஒரே வேகத்துக்கு வந்து சேர்ந்துகொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டு ஹவுஸ், டெக்னோ இசைக்கு அது உண்மை. பெரும்பாலும் கணினியில் செய்த இசை, நிமிடத்துக்கு 120, 130 பீட் (தாள அடி) என்று வைத்தால் முதலிலிருந்து கடைசி வரை இம்மி பிசகாது, நாலு நாலாக அடிக்கும், டிஜே கலப்பதற்கென்றே தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருப்பார்கள். மென்பொருள் அந்தப் பாட்டின் மேல் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோலச் சம இடைவெளியில் புள்ளி வைத்துக்கொள்கிறது, பீட் கிரிட் என்பது அதுதான். சிங்க் செய்வதெல்லாம் இரண்டு பாட்டின் புள்ளி வரிசையையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவது.

நம் பாட்டு அந்தப் புள்ளிக்குள் அடங்குவதில்லை. எண்பதுகளில் இசைக்குழு மொத்தமும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்த பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவியில் ஒரு வேகம், இடையிசையில் தபலா கொஞ்சம் முந்தும், சரணத்துக்கு வரும்போது பாடகர் மூச்சு வாங்குகிற அளவுக்கு ஒரு தளர்வு. கேட்கும்போது நமக்கு அது குறையாகவே படாது, பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆனால் முதல் நிமிடத்தில் வைத்த புள்ளி மூன்றாவது நிமிடத்தில் தாளத்தின் மேல் விழாது. அப்புறம் குத்துப் பாட்டு. நம் டப்பாங்குத்து பெரும்பாலும் தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போகிற திஸ்ர நடை. நாலு நாலாக எண்ணிப் பழகிய மென்பொருள் இதைப் பல சமயம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தப்பாகப் படிக்கும், 100-இல் போகிற பாட்டுக்கு 150 என்று காட்டும். அதை நம்பி சிங்க்கை அமுக்கினால் பாட்டு ரப்பர் மாதிரி இழுபடும், இல்லையென்றால் தலைதெறிக்க ஓடும். எஃபெக்ட்டும் இதே கதைதான். அரை பீட் துண்டையே திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் போட்டால் தகிடவின் நடு எழுத்தில் போய் வெட்டு விழுகிறது, ஆடிக்கொண்டிருப்பவர்கள் கால் தடுமாறுவதை மேடையிலிருந்தே பார்க்கலாம். ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் வேகம் மாறுகிற பாட்டை அதற்கேற்ப அலசும் வழி இருக்கிறது, மற்ற மென்பொருள்களிலும் புள்ளியைக் கையால் நகர்த்தித் திருத்தலாம். நான் உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன், ஒரு பாட்டுக்கே இருபது நிமிடம் போய்விடும். முந்நூறு பாட்டுக்கு யார் செய்வது?

ஆகவே நம் பாட்டைப் போட நினைக்கிற ஒருவர் காதையும் கையையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது, பெட்டியைத் தேர்ந்தெடுப்பதும் அதை வைத்துத்தான்.

என் அண்ணன் மகள் கல்லூரி முதல் வருஷம், போன வருஷ விடுமுறையில் என்னிடம் பழக வந்தாள். இரவு பத்தரை மணி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டோம், ஒரு பிரிப்பான் போட்டு ஆளுக்கொரு ஹெட்போன். இரண்டு பாட்டை எடுத்து சிங்க் போட்டாள், அரை நிமிடத்தில் இரண்டு தாளமும் முட்டிக்கொண்டன. "அத்தை, சிங்க் போட்டும் ஏன் சண்டை போடுது?" என்றாள். "அதை அணைச்சிரு கண்ணு. திரையைப் பார்க்காத, கண்ண மூடிட்டு கேளு" என்றேன். லேப்டாப் திரையைப் பாதி மூடி வைத்தேன். முதல் பாட்டின் தவில் அடி ஒன்று விழுகிறது, இரண்டாவது பாட்டின் அடி அதற்கு ஒரு மயிரிழை தள்ளி விழுகிறது, காதில் அது 'தட்தட்' என்று இரட்டையாகக் கேட்கும். இரண்டாவது பாட்டு பின்தங்குகிறதா, முந்துகிறதா என்று அவளுக்குப் பிடிபட ரொம்ப நேரம் ஆனது. ஜாக் வீலின் மேல் தட்டைத் தொடாமல், ஓரத்தை மட்டும் நடுவிரலால் லேசாக முன்னால் தள்ளினாள், சாமி தேரை அசைக்கிறமாதிரி அவ்வளவு பயத்தோடு. 'தட்தட்' நெருங்கியது, நெருங்கி, ஒரே 'தட்' ஆனது. அவள் மூச்சை விட்டாள். பதினைந்து அடி ஒன்றாக விழுந்தது, அப்புறம் மறுபடி பிரிந்தது, அவள் திரையைத் திறக்காமலேயே மறுபடி தள்ளினாள். அன்றைக்கு ஒன்றரை மணிக்குத்தான் படுத்தோம்.

இதற்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். விரல் சொல்வதைக் கேட்கிற ஜாக் வீல். பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நீளமான பிட்ச் ஸ்லைடர். தெளிவான ஹெட்போன். ஸ்லைடர் நீளம் ஏன் முக்கியம் என்றால், ஒரு பாட்டு 120, இன்னொன்று 120.5 என்று அரை பீட் வித்தியாசம் இருந்தால் ஒரே நிமிடத்தில் இரண்டும் அரை பீட் விலகிவிடும், ஒன்று அடிக்கும் இடத்தில் இன்னொன்று சும்மா இருக்கும். சின்ன ஸ்லைடரில் அந்த அரை பீட்டை விரலால் பிடிக்கவே முடியாது, நகம் பட்டாலே தாண்டிப் போய்விடும். 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 பிளேயரைத் தலைமுறை தலைமுறையாக டிஜேக்கள் விடாமல் வைத்திருந்ததற்கு அதன் மோட்டாரோடு அந்த நீள ஸ்லைடரும் ஒரு காரணம். கடையில் ஸ்லைடரை ஏற்றி இறக்கிப் பாருங்கள், நடுவில் பூஜ்யத்தைத் தாண்டும்போது எண் எத்தனை எத்தனையாக மாறுகிறது என்று திரையில் கவனியுங்கள். ஸ்லைடர் எந்த அளவுக்கு வேகத்தை மாற்றலாம் என்பதை மென்பொருளில் குறைத்து வைத்துக்கொள்ளலாம், குறைத்தால் அசைவு இன்னும் நுணுக்கமாகும், இதையும் பலர் செய்வதில்லை.

மாடல் பெயர் சொல்லாமல் முடித்தால் கடிதம் உதவாது, அதனால் சொல்கிறேன். பயனியரின் டிடிஜே-400, 2018-இல் வந்தது, ரொம்ப நாள் ஆரம்பக்காரர்கள் கையில் அதுதான் இருந்தது. 2022 கடைசியில் அதற்குப் பதிலாக டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 வந்தது, அமெரிக்காவில் 299 டாலருக்கு அறிமுகமானது, நம் ஊரில் இறக்குமதி வரியெல்லாம் சேர்ந்து இன்னும் ஏறும். ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ டிஜே லைட் என்ற இரண்டு மென்பொருளிலும் ஓடும், மைக் துளை இருக்கிறது, பட்டன்கள் இருக்கும் இடமெல்லாம் பெரிய கிளப்புகளில் வைத்திருக்கும் சிடிஜே கருவிகளின் அமைப்பை ஒட்டியே இருக்கும், நாளைக்கு அங்கே போய் நின்றாலும் கை தேடாது. வீல் மட்டும் கொஞ்சம் சின்னது. (அந்தக் கம்பெனியின் பெயர் 2020-இல் ஆல்ஃபாதீட்டா என்று மாறிவிட்டது, புதிய பெட்டிகளில் அந்தப் பெயரைப் பார்த்துப் போலியோ என்று பயப்பட வேண்டாம்.) நியூமார்க்கின் மிக்ஸ்ட்ராக் புரோ எஃப்எக்ஸ்-இல் வீல் 6 அங்குலம், ஸ்லைடரும் நீளம், காதால் பழகுவதற்கு என் ஓட்டு இதற்குத்தான். ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 300 காது இன்னும் பழகாதவர்களுக்கு நல்லது. பாட்டு முந்துகிறதா பிந்துகிறதா, வீலை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று சின்னச் சின்ன விளக்கு காட்டிக்கொடுக்கும். கை பழகியதும் அந்த விளக்கைப் பார்க்காமல் விட்டுவிடலாம். விளக்கு என்றால் இப்படி ஏதாவது சொல்லித்தரும் விளக்காக இருக்க வேண்டும். இந்த மூன்றிலுமே ஹெட்போனுக்குத் தனி வழி இருக்கிறது.

நாலு சேனல், பெரிய திரை, இருபது வகை எஃபெக்ட் இதெல்லாம் ஆரம்பத்தில் தேவையில்லை. பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வசதிக்காக விலை கூடுதலான பெட்டி வாங்கப் போவதாக ஒரு தம்பி சொன்னார். குரலைப் பிரிப்பது மென்பொருளும் லேப்டாப்பும், பெட்டியில் இருப்பது அதற்கான பட்டன்தான். பழைய லேப்டாப்பில் அதை அமுக்கினால் பாட்டு திக்கித் திக்கி நின்றுவிடும். அந்தக் காசில் லேப்டாப்பின் நினைவகத்தைக் கூட்டலாம்.

மென்பொருள் விஷயத்தையும் வாங்கும் முன்னே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியோடு வருவது முழு மென்பொருளா, சுருக்கிய பதிப்பா? செராட்டோவில் லைட் இலவசம், புரோவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும், அல்லது மாதச் சந்தா. ரெக்கார்ட்பாக்ஸ் சில பெட்டிகளைச் செருகினாலே முக்கியமான வசதிகளைத் திறந்துவிடுகிறது. எதற்கும் பணம் கட்ட மனமில்லை என்றால் மிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஆங்கிலத்தில் கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். முழுக்க இலவசம், நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், லினக்ஸிலும் ஓடும், நிறையக் கன்ட்ரோலர்களைத் தானாகத் தெரிந்துகொள்ளும். என் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் பெட்டியே வாங்காதீர்கள், ஒரு மாதம் மிக்ஸைப் போட்டு விசைப்பலகையிலேயே இரண்டு பாட்டைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் ஆசை அடங்கவில்லை என்றால் கடைக்குப் போகலாம்.

பெட்டிக்கே கையிலிருக்கும் காசு முழுவதையும் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒயர் உள்ள, காதை மூடி உட்காருகிற ஹெட்போன் ஒன்று கட்டாயம். டிஜேக்கள் இன்றும் தேடி வாங்குகிற சென்ஹைசர் எச்டி 25 மாடல் 1988-இல் வந்தது, ஒரு காதை மட்டும் விலக்கிக்கொள்ளலாம், இன்னொரு காது கூடத்தின் சத்தத்தைக் கேட்கும். விலை அதிகம்தான், அதே மாதிரி குறைந்த விலையிலும் கிடைக்கும். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம், ப்ளூடூத் ஸ்பீக்கரும் வேண்டாம். ஒலி காற்றில் போய்ச் சேருவதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல் தாமதமாகிறது. 120 வேகத்தில் ஒரு பீட்டுக்கே அரை நொடிதான். நாம் தள்ளுவது ஒரு நேரம், கேட்பது இன்னொரு நேரம் என்றால் எந்தக் காதும் பழகாது. எத்தனையோ பிள்ளைகள் எனக்குத் தாளம் வரவில்லை என்று விட்டுவிட்டதற்கு இந்த ப்ளூடூத் ஸ்பீக்கர்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

மண்டபத்தில் ஸ்பீக்கரோடு இணைக்கும்போது உம்ம்ம் என்று ஓர் இரைச்சல் வந்தால் உடனே பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், இரைச்சல் நின்றால் எர்த் பிரச்சினை. ஆரம்ப விலைப் பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்சிஏ வெளியீடுதான் இருக்கும், அந்த ஒயரை மேடையிலிருந்து மண்டபத்தின் கடைசி வரை இழுத்தால் வழியிலுள்ள மின்சார இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். ஆர்சிஏவைக் குட்டையாக வைத்துக்கொண்டு மைக்செட்காரரின் மிக்சர் வரை மட்டும் கொண்டுபோங்கள், அதற்கு மேல் அவர் பார்த்துக்கொள்வார். அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் மரியாதை.

பாட்டுக் கோப்புகளைச் சொந்தமாக வாங்கி லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் ஸ்பாட்டிஃபை, டிஜே மென்பொருள்களுக்குள் ஓடுவதை நிறுத்தியபோது அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் கையில் ஒரு பாட்டும் இல்லாமல் போயிற்று. மண்டபத்தில் நெட் கிடைக்கும் என்றும் உத்தரவாதம் இல்லை. எங்கேயோ பிடித்த, தரம் குறைந்த 128 கேபிபிஎஸ் கோப்பு காதில் பரவாயில்லாமல் கேட்டாலும் பெரிய ஸ்பீக்கரில் சல்லடையில் சலித்த மாதிரி வரும். வாங்கியதும் ஒருமுறை முழுக்கக் கேட்டு, சரியான பெயர் வைத்துவிடுங்கள், வளைகாப்பில் நான் பட்டது போதும்.

கையில் பணம் குறைவு என்றால் பழைய பெட்டி வாங்கலாம், தப்பே இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகிறவர்களுக்கும், தெரிந்தவரிடம் வாங்குகிறவர்களுக்கும் ஒன்றுதான், லேப்டாப்பையும் ஹெட்போனையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற கிராஸ்ஃபேடரை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மறுபக்கத்துப் பாட்டு கசிகிறதா என்று கேளுங்கள். யூஎஸ்பி ஒயரை லேசாக ஆட்டிப் பாருங்கள், தொடர்பு விட்டு விட்டு வந்தால் வேண்டாம். ஒவ்வொரு பேடையும் ஒரு தடவை அமுக்கினால் ஒரு தடவைதான் அடிக்க வேண்டும். ஹெட்போன் துளையில் கரகரப்பு வருகிறதா, வீலின் மேல் தட்டைத் தொட்டதும் பாட்டு நிற்கிறதா என்று பாருங்கள். ரொம்பப் பழைய மாடல் என்றால் இன்றைய விண்டோஸிலும் மேக்கிலும் அதை லேப்டாப்போடு சேர்த்து வேலை செய்யவைக்கும் டிரைவர் நிரல் இருக்கிறதா என்று கம்பெனியின் தளத்தில் முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

என் அண்ணன் மகள் கடைசியில் வாங்கியது அப்படிப்பட்ட ஒரு பழைய மிக்ஸ்ட்ராக்தான். எஃபெக்ட் பட்டன் ஒன்று வேலை செய்யாது, அதற்காக விலையில் குறைத்துக் கொடுத்தார்கள். மிச்சமான காசில் நல்ல ஹெட்போன் வாங்கினாள். இந்தப் பொங்கலுக்கு எங்கள் தெருவில் அவள்தான் பாட்டுப் போட்டாள், நான் கோலப் போட்டிக்கு மார்க் போடப் போய்விட்டேன். ஒரு பழைய குத்துப் பாட்டிலிருந்து புதிய பாட்டுக்கு அவள் மாறியபோது கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிந்திருந்த பெண்களின் தோள் அசைவு நிற்கவில்லை, எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று ஆரம்பித்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போடும்போது விலைக்குப் பக்கத்தில் இன்னும் நாலு கட்டம் போடுங்கள். உள்ளே சவுண்ட் கார்டு உண்டா, ஹெட்போனில் தனியாகக் கேட்க முடியுமா, வீலும் ஸ்லைடரும் எத்தனை அளவு, கூட வரும் மென்பொருள் முழுதா சுருக்கமா. எழுதுகிறவரையும் ஒரு நடை கடைக்கு அனுப்பி, ஒவ்வொரு பெட்டியிலும் ஹெட்போனை மாட்டி, ஒரு குத்துப் பாட்டையும் ஒரு எண்பதுகளின் பாட்டையும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கரூர்